ஆடு தின்ற பேர்

குளிர்காலத்தில் ஆடுகள் பெரும்பாலும் பெயர்களைத் தின்கின்றன. மழைக்காலத்தில் அவற்றின் முக்கிய உணவு சூரிய ஒளி.

இதை நான் சொல்லவில்லை. டெல்லியின் தென்மேற்கு ஓரத்தில் உள்ள ஓர் அரசு ஆராய்ச்சி வளாகத்தின் அறிக்கை சொன்னது. ஸ்பைரல் பைண்டிங் போட்டு, ஏழு பிரதி எடுத்து, கூட்ட மேசையில் தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த அறிக்கைக்கு ஆதாரமான நோட்டை எழுதியது நான். ஓராண்டு ஆடுகளின் பின்னால் நடந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். குற்றம் அதில் இல்லை.

நான் அங்கே ஒப்பந்த ஊழியை. விருதுநகர்க்காரி. தலைமை அதிகாரி என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "விருதுநகர் வறண்ட பூமிதானே? ஆடு மேய்ப்பது தெரிந்திருக்குமே" என்றார். என் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆட்டை நான் தட்டில்தான் நெருக்கமாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் கணவரின் மாற்றலோடு டெல்லிக்கு வந்து, வேலை தேடித் தேடிச் சலித்துப் போயிருந்த நேரம் அது. "நன்றாகத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டேன்.

வளாகத்தின் பின்பக்கம் பெரிய வறண்ட புல்வெளி. புல், முட்புதர், சீமைக்கருவேலம், நடுவே கல்லும் மண்ணும். அதைச் சுற்றி ஒரு சுவர். அந்தச் சுவரில் ஓர் ஓட்டை. ஓட்டையின் அந்தப் பக்கம் ஒரு ஹரியானா கிராமம், அதாவது கிராமமாக இருந்து இப்போது நான்கு மாடி வாடகை வீடுகளாகிவிட்ட இடம். அங்கிருந்து தினமும் ஒரு பெண் முப்பத்தொரு ஆடுகளோடு அந்த ஓட்டை வழியாக வருவாள். சுற்றுவட்டாரத்தில் மேய வேறு மண் கிடையாது. எல்லாம் சிமெண்ட். ஓட்டையை அடைத்தால் அவள் ஆடுகளை விற்க வேண்டியதுதான்.

அடைக்கத்தான் நினைத்தார்கள். காரணம், மரக்கன்றுகள். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் பெரிய மனிதர்கள் பலர் காரில் வந்து அங்கே ஆளுக்கொரு கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு தகரப் பலகை. அதில் நட்டவரின் பெயரும் பதவியும் பெரிய எழுத்தில். கன்று என்ன மரம் என்பது கீழே பொடி எழுத்தில். ஆடுகள் கன்றுகளை மேய்ந்துவிடும் என்று தோட்ட அதிகாரி புகார் கொடுக்க, தலைமை அதிகாரி நியாயமான மனிதர், "ஓராண்டு கவனித்துப் பார்ப்போம். எந்தப் பருவத்தில் எதைத் தின்கின்றன என்று தெரியட்டும். கன்றைத் தொடவில்லை என்றால் ஓட்டை இருக்கட்டும்" என்றார். கவனிக்கும் ஆள் நான்.

அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவள் என்னை 'பெஹன்ஜி' என்பாள், நான் அவளை 'பெஹன்ஜி' என்பேன். இந்தியில் அக்காவுக்கும் தங்கைக்கும் அது போதும். முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அப்படியென்றால் என் ஆடு தின்பதையெல்லாம் எழுதி சர்க்காருக்குக் கொடுப்பாயா? என் வீட்டுக்காரன் என்ன தின்கிறான் என்றுகூட ஒருத்தரும் கேட்டதில்லை" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "பார்த்து எழுது பெஹன்ஜி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பார்த்துத்தான் எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வேலை முறை எளிமையானது. ஒரு நாளைக்கு ஓர் ஆடு. அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டு, அது போகும் இடமெல்லாம் போக வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வாயில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். ரிப்பன் கட்டிய ஆட்டை மற்ற ஆடுகள் மரியாதையோடு பார்க்கும். அரை மணி கழித்து ரிப்பனைத் தின்றுவிடும். அதையும் எழுத வேண்டும்.

மழைக்காலத்தில் நான் ஆட்டைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கொண்டிருந்தேன். தூறல் விழுந்தால் போதும், ஒரு சொட்டு மேலே பட்டதும் அத்தனையும் மரத்தடியில் ஒண்டிக்கொள்ளும், நானும் ஒண்டிக்கொள்வேன். மழை விட்டதும் காலடியிலேயே பச்சைப் புல். அலைய வேண்டியதில்லை. குனிந்த தலை நிமிராமல் மேய்ந்து, மதியத்துக்குள் வயிறு புடைத்து உட்கார்ந்து அசைபோடும். அந்தப் பருவத்தில் ஆடு தின்றது பெரும்பாலும் அருகம்புல். அதற்கு அவள் சொன்ன பெயர் 'தூப்'. நானும் தூப் என்றே எழுதினேன்.

அக்டோபரில் புல் மஞ்சளானது. புல் மஞ்சளானதும் ஆட்டின் தலை மேலே போகிறது. இதை நான் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்து அவளிடம் சொன்னபோது, அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அப்புறம் செடி, கொடி, தாழ்ந்த கிளை. முன்னங்கால்களைத் தூக்கி மரத்தில் வைத்து, பின்னங்காலில் நின்று எட்டி இலை பறிக்கும். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்து என்ன இலை என்று எழுதுவேன். ஒருநாள் ஓர் ஆடு என் தோளையே மரமாக எண்ணிக் காலைப் போட்டுவிட்டது. அந்த ஐந்து நிமிடத்துக்கு 'துப்பட்டா' என்று பதிவாகியிருக்கிறது.

குளிர்காலம்தான் ஆட்டைப் பற்றிய என் அபிப்பிராயத்தைக் கெடுத்தது. நான் பனியில் ஸ்வெட்டர், சால்வை, குரங்குக் குல்லாய் எல்லாம் மாட்டிக்கொண்டு எட்டு மணிக்குப் போய் நிற்பேன். ஆடுகள் பத்தரைக்கு வரும். பனி நனைந்த புல்லில் அவை வாய் வைக்காதாம். வந்ததும் மேயாது. வெயிலுக்கு உடம்பின் ஒரு பக்கத்தைக் காட்டி அரை மணி நிற்கும், பிறகு மறு பக்கம். வெயிலுக்கு இந்தியில் 'தூப்'. 'தூப்பில் நின்றது' என்று எழுதுவேன். கொஞ்சம் சூடு ஏறியதும் நேராக இலந்தைப் புதருக்குப் போகும். அந்த நிலம் முழுக்க முழங்கால் உயரத்துக்குக் காட்டு இலந்தை, சிவந்த குட்டிப் பழங்கள். முள்ளுக்கு இடையில் உதட்டை மட்டும் நீட்டி ஒவ்வொன்றாகப் பறித்துத் தின்னும். ஜனவரி முழுக்க அதேதான்.

இலந்தைக்கு இந்தியில் 'பேர்'.

அவள் சொல்வது பூரிக்கு உள்ள முதல் ஒலி இல்லை, பஸ்ஸுக்கு உள்ள முதல் ஒலி. என் நாக்கில் அது பூரியாகத்தான் வரும். நான் சொல்வதைக் கேட்டு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "பேர் இல்லை பெஹன்ஜி, பேர்!" என்று திருத்துவாள். "அதைத்தான் சொன்னேன், பேர்" என்பேன். இந்த உரையாடலை எங்கள் எழுத்தில் எழுதிக் காட்ட முடியாது. அவளுக்கும் நாளடைவில் என் உச்சரிப்பு பழகிவிட்டது, திருத்துவதை விட்டுவிட்டாள்.

நோட்டைத் தமிழில் எழுதினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியில் எனக்குக் கை ஓடாது. ஆங்கிலத்தில் எழுதினால் தோட்ட அதிகாரி எட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்வார். தமிழ் என்றால் வளாகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும், நானும் கம்ப்யூட்டர் ஆபரேட்டரும். அவள் வாயில் வந்த பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிடுவேன். இலந்தை என்று எழுதியிருக்கலாம். விரல் மரத்துப் போகும் குளிரில், ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுத வேண்டியிருக்கும்போது, பேர் சின்னதாக இருந்தது.

பிப்ரவரியோடு பழம் தீர்ந்தது. மார்ச்சில் உதிர்ந்த இலை, சருகு. ஏப்ரலில் சீமைக்கருவேல நெற்று விழ ஆரம்பித்தபோது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நோட்டை ஆபரேட்டரிடம் கொடுத்து, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஆபரேட்டருக்கு நாற்பது வயது, இரண்டு குழந்தைகள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டில் தஞ்சாவூர்த் தமிழ் பேசுவார்கள், எழுத்தை மட்டும் அவர் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். அப்படிப்பட்டவர் என் நோட்டு முழுவதையும் விரல் வைத்துப் படித்திருக்கிறார் என்றால் அது சாதாரண உழைப்பு இல்லை. ஒருநாள் போன் செய்தார்.

"அக்கா, ஒரே ஒரு டவுட். ஜனவரி பூரா பேர், பேர், பேர்னு போட்டிருக்கீங்க. பேர்னா பேர்தானே?"

"பின்ன என்னத்த? பேர்னா பேர்தான். நாங் கஞ்சியக் குடிச்சிட்டுச் சுருண்டு கெடக்கேன், போன வைப்பா."

"அச்சா, அச்சா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

பேர் என்பதற்கு அவர் தமிழ்தான் பார்த்தார், பெயர். தூப் என்ற தமிழ்ச்சொல் அவருக்கு அகப்படவில்லை, அதனால் இந்தியைப் பார்த்தார். புல்லான தூப்பும் வெயிலான தூப்பும் எங்கள் எழுத்தில் ஒன்றுதான். டெல்லிக்காரருக்கு முதலில் நினைவுக்கு வந்தது வெயில். பிறகு அட்டவணை போட்டு, வண்ண வண்ணமாகப் படம் வரைந்து, ஏழு பிரதி எடுத்துவிட்டார்.

மே மாதம் நான் வேலைக்குத் திரும்பிய அன்றே கூட்டம். ஆபரேட்டர் வாசலில் என்னைப் பார்த்து, "அக்கா, ரிப்போர்ட் மஸ்தா, சூப்பரா வந்திருக்கு" என்றார். உள்ளே போய் உட்கார்ந்து பிரித்தேன். எனக்குத் திரும்பக் காமாலை வந்ததுபோல் இருந்தது.

சூரிய ஒளியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், "வைட்டமின் டி" என்று தலையாட்டினார். பெயர்தான் பிரச்சினை. தோட்ட அதிகாரி எழுந்து நின்றே விட்டார். பலகைகளில் எழுத்துகள் உதிர்ந்து கொண்டே இருப்பது ஏன் என்று ஜனவரியிலிருந்து மண்டையை உடைத்துக் கொண்டிருந்தாராம். பனியிலும் வெயிலிலும் மலிவுப் பெயிண்ட் உரிந்துபோனதற்கு இப்போது என் நோட்டு காரணம் சொல்லிவிட்டது. கன்றுகள் தண்ணீர் இல்லாமல் எப்போதோ செத்துப்போயிருந்தன. அவை அறிக்கையிலும் இல்லை, பேச்சிலும் இல்லை.

"உயர் பதவியில் உள்ளவர்களின் பெயர்களை அதிகம் தின்கின்றனவா, அல்லது எல்லாவற்றையும் சமமாகவா?" என்று ஒருவர் கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

நான் எழுந்தேன். ஐயா, அது பெயர் இல்லை, இலந்தைப் பழம், தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து என்று விளக்கினேன். தலைமை அதிகாரி ஆர்வத்தோடு கேட்டுவிட்டு, "அப்படியானால் அப்பாவையும் பாவத்தையும் எப்படி எழுதுவீர்கள்?" என்றார். இந்தியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சொல், முதலெழுத்துதான் வேறு.

"இரண்டையும் பாப் என்றுதான் எழுத வரும் சார். இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம்."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் மொழியைப் பற்றி, எழுத்தைப் பற்றி, அதன் சிக்கனத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். மிக நன்றாகப் பேசினேன் என்று ஆபரேட்டர் பிறகு சொன்னார். ஆட்டைப் பற்றிப் பேச மறந்துவிட்டேன் என்பதையும் அவரே சொன்னார்.

கடைசியில் தலைமை அதிகாரி ஒரு முடிவுக்கு வந்தார். நேரில் பார்த்துவிடலாம், ஆடு பெயரைத் தின்கிறதா இல்லையா என்று. பெஹன்ஜியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "பெயரையா? பெயரை எப்படித் தின்னும்?" என்றாள். அது என் எழுத்தால் வந்த வினை என்பதை மட்டும் சொல்லவில்லை. இப்போதும் அதை நினைத்தால் கூசுகிறது.

நேரில் பார்க்கும் நாளும் வந்தது. அனல்காற்று. செத்த குச்சிகளுக்குப் பக்கத்தில் பலகைகள் மட்டும் வரிசையாக நின்றன. தலைமை அதிகாரிக்கு மதியம் விமானம், பெட்டியோடு காரில் வந்திறங்கினார். ஆடுகள் ஓட்டை வழியாக வந்தன. காற்றடித்து நெற்று உதிரும் சத்தம் கேட்ட திசைக்கு அத்தனையும் ஓடின. நெற்றைத் தின்றன, அடுத்த மரத்துக்குப் போயின, மறுபடி நெற்று. பலகை ஒன்றில் ஓர் ஆடு முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். அரை மணி ஆயிற்று. நான் வழக்கப்படி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டில் நெற்று, நெற்று என்று எழுதிக்கொண்டிருந்தேன். தலைமை அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்கள் சொன்னதுதான் சரிபோல" என்றார். பெஹன்ஜி தூரத்தில் கோலை ஊன்றி நின்று எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் தோட்ட அதிகாரி அன்று காலையில்தான் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார், தலைமை அதிகாரியை வரவேற்று. பெயிண்ட் காய நேரமில்லை என்று காகிதத்தில் அச்சடித்து, மைதாப் பசை காய்ச்சித் தடவி, அட்டையில் ஒட்டியிருந்தார்கள். பசையின் வாசனை அப்போதுதான் காற்றில் ஆடுகளுக்கு எட்டியிருக்க வேண்டும்.

ஓர் ஆடு நிமிர்ந்தது. நிதானமாக நடந்துபோய் நின்று, காகிதத்தின் மேல்முனையைப் பல்லில் பிடித்து இழுத்தது. முதலில் 'வருக' போனது. பிறகு பெயர். பதவி நீளமாக இருந்ததால் அதற்கு இன்னும் இரண்டு ஆடுகள் வந்தன.

என் கைக்கடிகாரத்தில் ஐந்து நிமிடம். பார்த்துத்தான் எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். 'பேர்' என்று எழுதினேன். இந்த முறை அது பெயர்தான்.

தலைமை அதிகாரி கோபிக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். "அறிக்கை சரிதான்" என்றார். தோட்ட அதிகாரி ஓட்டையை அடைக்கும் உத்தரவை நீட்ட, கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, தூரத்தில் நின்ற பெஹன்ஜியைப் பார்த்தார். அவர் நியாயமான மனிதர் என்று முன்பே சொன்னேன். "ஒரே ஒரு பெண்தானே வருகிறாள்? ஓட்டை வேண்டாம். முன்வாசல் வழியாக வந்துபோக அவளுக்கு ஒரு பாஸ் கொடுத்துவிடலாம். இப்போதே எழுதுங்கள், நான் கிளம்புவதற்குள் கையெழுத்து வைக்கிறேன்" என்றார்.

கூட வந்திருந்த ஆபரேட்டர் பைலைத் திறந்து, முதல் வரியில் பேனாவை வைத்து என்னைப் பார்த்தார்.

"அக்கா, பேர்?"

எனக்குத் தெரியாது. ஓராண்டு அவளோடு நடந்திருக்கிறேன். அவள் முழங்கால் வலி தெரியும், அவள் டீயில் எத்தனை இஞ்சித் துண்டு போடுவாள் என்பது தெரியும், முப்பத்தொரு ஆடுகளையும் முதுகைப் பார்த்தே அடையாளம் சொல்வேன். நூற்றுக்கணக்கான தடவை பேர், பேர் என்று எழுதிய நோட்டு கையில் இருந்தது. அவள் பெயரை நான் கேட்டதே இல்லை.

அவள் அதற்குள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு சுவரை நெருங்கிவிட்டாள். காகிதம் தின்னப்பட்டதைப் பார்த்தே என்ன நடக்கும் என்று புரிந்துகொண்டாள் போல. நான் ஓடினேன். காமாலையில் பாதியாகிப்போன உடம்பு, மே மாத வெயில். "பெஹன்ஜி!" என்று கத்தினேன். நின்றாள். மூச்சு வாங்கியதில் இந்தி எங்கே போனதோ, வாயில் தமிழ்தான் வந்தது.

"பேரு... ஒங்க பேர்... பேர்!"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஒரு வருடமாகக் கேட்டுப் பழகிய உச்சரிப்பு. என் நெற்றியில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள்.

"பேரா? இந்த வெயிலில் பேர் எங்கே இருக்கும் பெஹன்ஜி? குளிர்காலத்தில் வா, மடி நிறையப் பறித்துத் தருகிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் வந்தது. அவளும் ஏன் என்று தெரியாமல் சிரித்தாள். சிரித்து முடித்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, இந்தியில் பெயர் கேட்டு, அவள் சொல்லி, அதை முணுமுணுத்துக்கொண்டே திரும்பி ஓடி வந்தேன். ஆபரேட்டர் திறந்த பைலோடு தனியாக நின்றிருந்தார். கார் போன புழுதி அடங்கியிருக்கவில்லை. விமானம் காத்திருக்காதாம்.

பாஸ் கேட்டு அதன்பிறகு மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் தோட்ட அதிகாரியின் மேசையோடு நின்றது. ஒரு வாரத்தில் கொத்தனார் வந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் இலந்தை அமோகமாகக் காய்த்தது. தின்ன யாருமில்லை. பழுத்து, சுருங்கி, கீழே கொட்டிக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஆபரேட்டரும் கையெல்லாம் முள் கீறப் பறித்து, ஒரு சணல்பையை நிரப்பினோம். சுவரைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் போய், வாடகை வீடுகளின் சந்து சந்தாக நுழைந்து, அவள் பெயரைச் சொல்லி விசாரித்தேன். கடைக்காரர் உடனே கை காட்டினார்.

நான்கு ஆடுகள்தான் மிச்சம். மாடிப்படிக்கு அடியில் கட்டிக் கிடந்து, காலிஃபிளவர் தழையை மென்றுகொண்டிருந்தன. அவள் பையைப் பிரித்துப் பார்த்தாள்.

"குளிர்காலத்தில் வா, நான் பறித்துத் தருகிறேன் என்றேன். நீ கொண்டு வந்திருக்கிறாய்."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், நோட்டை, எழுத்தை, சின்னதாக இருக்கிறதே என்று பேர் போட்டதை, போனில் நான் சொன்ன பதிலை. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சின்னதாக எழுத நினைத்தாயா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு இரண்டு கையாலும் பழத்தை அள்ளி ஆடுகளுக்கு முன்னால் போட்டாள்.

பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்தேன். கைப்பையில் இருந்த நோட்டை எடுத்து 'இலந்தை' என்று எழுதினேன். நான்கு எழுத்து. பேர் என்றால் இரண்டு. நான் மிச்சப்படுத்தியது அவ்வளவுதான்.